டிரெய்லர் பிரேக்: பகலில் பிடிக்கவில்லை, இரவில் விடவில்லை

துவாஸ் செல்வா:

எல்லோருக்கும் வணக்கம். சிங்கப்பூர் துவாஸில் மெஷின் வாடகைக்கு விடும் கம்பெனியில் டெக்னீஷியனாக இருக்கிறேன். டீசல் எஞ்சின் என்றால் பயமில்லை, வயரிங் என்றால் கொஞ்சம் தடுமாற்றம். அதனால் இங்கே கேட்கிறேன்.

ஆஸ்திரேலியாவிலிருந்து செகண்ட் ஹேண்டில் ஒரு டிரெய்லர் வந்திருக்கிறது. ஒற்றை ஆக்சில், மேலே வெல்டிங் ஜெனரேட்டர், எல்லாம் சேர்த்து 1,600 கிலோ பக்கம். இரண்டு சக்கரத்திலும் எலெக்ட்ரிக் பிரேக், 10 இன்ச் டிரம். இழுப்பது கம்பெனியின் டபுள் கேப் பிக்கப். அதில் டாஷ்போர்டுக்குக் கீழே டெகோன்ஷா பிராடிஜி பி2 பிரேக் கன்ட்ரோலர், அதாவது டிரெய்லர் பிரேக்குக்குக் கரன்ட் கொடுக்கும் பெட்டி, இருக்கிறது. நான் சேர்வதற்கு முன்பே வேறொரு டிரெய்லருக்காகப் போட்டது. அந்த டிரெய்லரை விற்றுவிட்டார்கள்.

இந்த டிரெய்லர் வந்தபோது அதன் பிளக் தட்டையாக இருந்தது. பிக்கப்பில் இருப்பது உருண்டை ஏழு பின் சாக்கெட். வெளி ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து, தட்டை பிளக்கை வெட்டிவிட்டு உருண்டை பிளக் போட்டு வாங்கினோம்.

இப்போது பகலில் ஓட்டினால் டிரெய்லர் பிரேக் பிடிப்பதே இல்லை. கன்ட்ரோலரில் டிரெய்லர் இணைந்திருக்கிறது என்பதற்கான ‘சி’ எழுத்து வருகிறது. அதிலுள்ள கை லீவரைத் தள்ளினால் எண் 10, 11 வரை ஏறுகிறது. ஆனால் வண்டி மட்டும்தான் நிற்கிறது, டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளுகிறது. இரவு வேலைக்குப் போனால் நேர்மாறு. வண்டி கனக்கிறது, ஆக்சிலேட்டரை அதிகம் மிதிக்க வேண்டியிருக்கிறது. இறங்கிப் பார்த்தால் இடது பக்க டிரம் கை வைக்க முடியாத சூடு, கருகிய வாடை. வலது பக்கம் சாதாரணமாக இருக்கிறது. பேரிங் என்று நினைத்து இடது ஹப்பைக் கழற்றிப் பார்த்தேன், பேரிங் நன்றாகத்தான் இருக்கிறது.

நடுவில் ஒருநாள் சைட்டில் மேடுபள்ளமான பாதையில் போகும்போது பிக்கப்பின் டெயில் லைட் ஃபியூஸ் போய்விட்டது. 10 ஆம்ப் ஃபியூஸ். டிரைவர் கையில் இருந்த 20-ஐப் போட்டு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

ஒர்க்‌ஷாப்பில் கன்ட்ரோலர் போய்விட்டது, புதிது மாற்ற 450 வெள்ளி என்கிறார்கள். ஃபோர்மேன் என்னைக் கேட்கிறார். மாற்றச் சொல்லலாமா?


ராஜ்66:

மாற்றிவிடுங்கள் தம்பி. எலெக்ட்ரானிக் பெட்டியைத் திறந்து பழுது பார்க்கிற காலமெல்லாம் போய்விட்டது. பகலில் ஒன்று, இரவில் ஒன்று காட்டுகிறது என்றால் உள்ளே ஏதோ போர்டு போயிருக்கும். இந்த ஊர் ஈரத்துக்கு எதுதான் தாங்கும்?


வயர்மேன் மணியம்:

செல்வா தம்பி, இப்போதைக்கு அந்த 450 வெள்ளிக்குத் தலையாட்டாதீர்கள். ராஜ் கோபித்துக்கொள்ள வேண்டாம். எனக்கு சுங்கை காடுட்டில் லாரி வயரிங்கே பிழைப்பு. பெட்டியைக் குறை சொல்லிக் கொண்டுவரும் வண்டிகளில் பெட்டி கெட்டிருப்பது அபூர்வம்.

அந்தக் கன்ட்ரோலரின் பின்னால் இருப்பது நான்கே வயர். கறுப்பு, பேட்டரி பாசிட்டிவ். வெள்ளை, எர்த். சிவப்பு, பிரேக் லைட் ஸ்விட்சிலிருந்து வருவது. நீலம், டிரெய்லர் பிரேக்குக்குப் போவது. ஹெட்லைட் ஸ்விட்ச் பக்கமாக ஒரு வயரும் போகவில்லை. லைட் போட்டோமா இல்லையா என்பதே அந்தப் பெட்டிக்குத் தெரியாது. அப்படியிருக்க, இரவில் மட்டும் பிரேக் பிடிக்கிறது என்றால் பிடிக்க வைப்பது கன்ட்ரோலர் இல்லை. லைட் கரன்ட் எங்கோ வழி மாறி டிரெய்லர் பிரேக்குக்குப் போகிறது. எனக்கு அந்தப் புது பிளக் மேல்தான் சந்தேகம்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: எலெக்ட்ரிக் பிரேக்கில் பிரேக் ஆயில் கிடையாது. டிரம்முக்குள் ஒரு மேக்னட் இருக்கிறது. கரன்ட் வந்தால் அது சுழலும் டிரம்மின் உள்முகத்தில் ஒட்டிக்கொள்ளும், டிரம் அதைத் தன்னோடு இழுக்கும், அந்த இழுப்பில் ஒரு நெம்புகோல் அசைந்து ஷூவை விரித்து டிரம்மில் அழுத்தும். கரன்ட் கூடினால் பிடி கூடும். கரன்ட் எங்கிருந்து வந்தது என்று மேக்னட் கேட்காது. கன்ட்ரோலர் கொடுத்தாலும் சரி, டெயில் லைட் வயர் கொடுத்தாலும் சரி, பிடித்துவிடும்.

வெறும் மல்டிமீட்டரை மட்டும் வைத்துக்கொண்டு இறங்காதீர்கள். பாதி அறுந்த வயரிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் கரன்ட் இழுப்பதில்லை. ஒரு 21 வாட் பல்பில் இரண்டு வயர் வைத்து டெஸ்ட் லேம்ப் செய்துகொள்ளுங்கள். கூடவே ஒரு கிளாம்ப் மீட்டர். அது டிசி ஆம்ப் அளக்கும் மாடலாக இருக்க வேண்டும். ஏசி மட்டும் அளப்பது இங்கே ஒன்றும் காட்டாது, வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். சிம் லிம் டவரில் கிடைக்கும்.

முதலில் பிளக்கை மாட்டி, வண்டியை நிறுத்தி, ஹெட்லைட்டை அணைத்துவிட்டு, கன்ட்ரோலரில் பிரேக்குக்கு எவ்வளவு கரன்ட் என்று வைக்கும் பவர் நாபை முழுக்க ஏற்றி, யாரையாவது லீவரைத் தள்ளச் சொல்லுங்கள். பெடலை மிதித்துப் பார்த்துப் பயனில்லை. பி2 வண்டியின் வேகம் குறைவதை உணர்ந்து அதற்கேற்ற கரன்ட் கொடுக்கிற வகை, நிற்கும் வண்டியில் அது பெரிதாக எதுவும் செய்யாது. லீவர் தள்ளியிருக்கும்போது நீங்கள் டிரெய்லருக்குப் பின்னால் நின்று என்னென்ன விளக்கு எரிகிறது என்று பாருங்கள். பிரேக் லைட் எரிய வேண்டும், லீவர் தள்ளினாலே எரியும்படித்தான் அது செய்யப்பட்டிருக்கிறது. வேறு ஏதாவது எரிகிறதா? அதே நேரத்தில் நீல வயரில் கிளாம்ப் போட்டு ஆம்ப் எவ்வளவு என்று எழுதிக்கொள்ளுங்கள். 10 இன்ச் பிரேக் மேக்னட் ஒன்று 3 ஆம்ப் அளவு இழுக்கும், இரண்டுக்கு 6 ஆம்ப்பை ஒட்டி வர வேண்டும்.

அடுத்தது, பிளக்கைக் கழற்றிவிட்டு ஹெட்லைட் போட்டு, பிக்கப் சாக்கெட்டில் எந்தெந்தப் பின்னில் டெஸ்ட் லேம்ப் எரிகிறது என்று பாருங்கள். பின் எண் சாக்கெட்டிலேயே பொடியாக அச்சிட்டிருக்கும், டார்ச் அடித்தால் தெரியும். முக்கியமாக 5.

கடைசியாக, டிரெய்லரில் பிரேக்அவே ஸ்விட்ச், அதாவது கொக்கி கழன்றால் தானாகப் பிரேக் பிடிக்க வைக்கும் ஊசி, இருக்கிறதா என்று சொல்லுங்கள். இருந்தால் பிளக்கைக் கழற்றிய பிறகே அதை இழுத்துப் பாருங்கள். பிளக் மாட்டியிருக்கும்போது இழுத்தால் அந்த ஸ்விட்ச் கொடுக்கும் 12 வோல்ட் பின்வழியாகக் கன்ட்ரோலருக்குள் போய் நிஜமாகவே கெடுத்துவிடக்கூடும்.

20 ஆம்ப் ஃபியூஸை இன்றைக்கே எடுங்கள். டெயில் லைட் வயர் மெலிசு. பழைய ஃபியூஸ் போனதற்கு ஒரு காரணம் இருக்கும், அதைக் கண்டுபிடிக்கும் வரை வயர்தான் ஃபியூஸ் வேலை பார்க்கும்.


சரவணன் (ஜூரோங் வெஸ்ட்):

மணியம் அண்ணன் சொன்னதோடு இரண்டு விஷயம். எர்த் பாருங்கள். டவ் பால், அதாவது டிரெய்லரை மாட்டும் இரும்புக் குண்டு, வழியாக எர்த் வருகிறது என்று விட்டுவிடுவார்கள், கிரீஸும் துருவும் இருக்கும் இடம் அது, நம்ப முடியாது. இன்னொன்று, நிறைய டிரெய்லரில் ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரத்துக்கு வயர் ஆக்சில் குழாய்க்குள்ளேயே ஓடும். ஓட ஓட உள்ளே உரசி இன்சுலேஷன் போய்விடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மேடுபள்ளத்தில் ஃபியூஸ் போனது என்றதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.


வயர்மேன் மணியம்:

சரவணன் சொல்வது சரி, இரண்டையும் பார்க்கத்தான் வேண்டும். எர்த்துக்கு: லீவர் தள்ளியிருக்கும்போது டிரெய்லர் சட்டத்துக்கும் பிக்கப் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் மீட்டர் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயர் போதாது. ஆனால் எர்த் கோளாறு இரவில் தானாகப் பிரேக்கைப் பிடிக்க வைக்காது. முதலில் அந்த முடிச்சை அவிழ்ப்போம்.


துவாஸ் செல்வா:

அண்ணே, நேற்று மதியம் மழை விட்டதும் எல்லாம் பார்த்துவிட்டேன். லீவரைத் தள்ளினால் டிரெய்லரின் இரண்டு வெள்ளை ரிவர்ஸ் லைட்டும் எரிகிறது! லீவரை மெல்லத் தள்ளினால் மங்கலாக, முழுக்கத் தள்ளினால் பளிச்சென்று. இத்தனை நாளும் யாரும் பின்னால் நின்று பார்க்கவே இல்லை. கிளாம்ப் காட்டியது 3.4 ஆம்ப்.

ஹெட்லைட் போட்டால் சாக்கெட்டில் 5-லும் 7-லும் டெஸ்ட் லேம்ப் எரிகிறது. பிரேக்அவே ஸ்விட்ச் இல்லை. ஃபியூஸை 10-க்கு மாற்றிவிட்டேன்.

இதைச் சொன்னதும் ஃபோர்மேனுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. இதே பிக்கப்பில் லைட் டவர் டிரெய்லரை, அதாவது சைட்டுக்கு வெளிச்சம் தரும் விளக்குக் கம்பம் வைத்த டிரெய்லரை, மாட்டும்போது, பிரேக் பிடித்தால் அதன் ஃபாக் லைட் எரிவதை அவர் பார்த்திருக்கிறாராம். லைட் டவர் ஐரோப்பாவிலிருந்து வந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறதா?


மீனா (முன்பு ஈசூன், இப்போது பெர்த்):

இருக்கிறது! நானும் கணவரும் இங்கே கேரவன் இழுக்கிறோம், அதனால் இந்தப் பின் எண்கள் எனக்கு மனப்பாடம். ஆஸ்திரேலிய ஏழு பின்னில் 1 மஞ்சள், இடது சிக்னல். 2 கறுப்பு, ரிவர்ஸ். 3 வெள்ளை, எர்த். 4 பச்சை, வலது சிக்னல். 5 நீலம், எலெக்ட்ரிக் பிரேக். 6 சிவப்பு, பிரேக் லைட். 7 பழுப்பு, டெயில் லைட். உங்கள் டிரெய்லருக்குள் ஓடுவது இந்த வயர்கள்தான்.

பிரேக்அவே இல்லாததும் ஆச்சரியமில்லை. இங்கே டிரெய்லரின் எடை 2,000 கிலோவைத் தாண்டினால்தான் எல்லாச் சக்கரத்திலும் பிரேக்கும் பிரேக்அவேயும் கட்டாயம். 750-க்கு மேல் 2,000 வரை ஒரு ஆக்சிலில் பிரேக் இருந்தால் போதும். உங்களுடையது அந்த வகை.


வயர்மேன் மணியம்:

நன்றி மீனா, நான் தட்டச்ச வேண்டியதில் பாதியை நீங்கள் குறைத்துவிட்டீர்கள்.

மீதிப் பாதி இதோ. பிக்கப்பில் இருக்கும் உருண்டை சாக்கெட் ஐரோப்பிய முறையில் வயர் போட்டது. அதில் 1, 3, 4, 6 எல்லாம் ஆஸ்திரேலிய முறையோடு ஒத்துப்போகும். அதனால்தான் சிக்னலும் பிரேக் லைட்டும் ஒழுங்காக எரிந்து, எல்லாம் சரி என்று எல்லோரையும் நம்ப வைத்திருக்கிறது. வேறுபடுவது 2, 5, 7. ஐரோப்பிய முறையில் 2 பின்பக்க ஃபாக் லைட், 5 வலது டெயில் லைட், 7 இடது டெயில் லைட். எலெக்ட்ரிக் பிரேக்குக்கு அந்தச் சாக்கெட்டில் இடமே கிடையாது. ஐரோப்பாவில் இந்த அளவு டிரெய்லருக்கு ஓவர்ரன் பிரேக்தான். டிரெய்லர் முன்னால் தள்ளும் விசையே கொக்கிப் பக்கத்துக் கம்பியை அழுத்திப் பிரேக்கைப் பிடிக்க வைக்கும். அதற்கு வயர் எதற்கு?

பி2-ஐ மாட்டியவர் நீல வயரை எங்கே வைப்பது என்று பார்த்திருக்கிறார். 2 சும்மா இருந்தது, அதில் வைத்துவிட்டார். பழைய டிரெய்லரின் பிளக்கிலும் அப்படியே செய்து கொடுத்திருப்பார், அதனால் அது ஓடியது. இப்போது வந்த டிரெய்லருக்கு பிளக் மாற்றியவர் ஆஸ்திரேலிய நிறங்களைப் பார்த்து, எண்ணுக்கு எண் சரியாகத்தான் போட்டிருக்கிறார். அவரவர் வேலை அவரவர் அளவில் சரி. இரண்டையும் ஒன்றாக மாட்டிப் பார்த்தவர் இல்லை.

விளைவு: நீங்கள் பிரேக் பிடித்தால் கரன்ட் 2 வழியாக ரிவர்ஸ் லைட்டுக்குப் போகிறது. 21 வாட் பல்ப் இரண்டு, 3.5 ஆம்ப் வரும், உங்கள் கிளாம்ப் காட்டியதும் அதுதான். ஹெட்லைட் போட்டால் வலது டெயில் லைட்டின் 12 வோல்ட் 5 வழியாக நேராக பிரேக் மேக்னட்டுக்கு. லைட் எரிகிற வரை பிரேக் பிடித்தபடியே இருக்கும். அந்த வலது டெயில் ஃபியூஸில்தான் மேக்னட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. லைட் டவரின் 2-ல் ஃபாக் லைட் இருக்கிறது, அதனால் உங்கள் ஃபோர்மேன் பார்த்ததும் உண்மை. நல்ல கண் அவருக்கு.

‘சி’ காட்டியதே என்று கேட்பீர்கள். அந்த எழுத்துக்கு அர்த்தம், நீல வயரின் மறுமுனையில் கரன்ட் போக ஒரு வழி இருக்கிறது என்பது மட்டுமே. எரியாத பல்பின் இழைக்கும் மின்தடை மிகக் குறைவு, கன்ட்ரோலருக்கு அதுவும் மேக்னட்டும் ஒன்றுதான். திரையில் வரும் 11-ம் பெட்டி வெளியே அனுப்பும் வோல்ட், பிரேக்குக்குப் போய்ச் சேர்ந்தது அல்ல.

இன்னும் ஒன்று எனக்கு இடிக்கிறது. முழு 12 வோல்ட் போனால், 10 இன்ச் பிரேக் நல்ல நிலையில் இருந்தால், சக்கரம் பூட்டிக்கொள்ள வேண்டும். உங்கள் டிரைவரால் இரவெல்லாம் ஓட்ட முடிந்திருக்கிறது. சூடானதும் இடது பக்கம் மட்டும். ஆக வயரை மாற்றியதோடு வேலை முடியாது. டிரெய்லர் பிளக்கில் 5-க்கும் 3-க்கும் நடுவில் ஓம் அளந்து சொல்லுங்கள். மேக்னட் ஒன்று 3.2 ஓம் பக்கம், இரண்டும் பேரலலில் இருப்பதால் 1.6 வர வேண்டும். மீட்டரின் இரண்டு முனையையும் முதலில் ஒன்றோடொன்று தொட்டு, அப்போது காட்டும் எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள், இவ்வளவு சின்ன அளவில் அதுவே கணக்கைக் கெடுத்துவிடும்.


துவாஸ் செல்வா:

கழித்த பிறகு 3.3 வருகிறது அண்ணே.


வயர்மேன் மணியம்:

அப்படியென்றால் ஒரு மேக்னட்தான் சர்க்யூட்டில் இருக்கிறது. வலது பக்கம் வயர் அறுந்திருக்க வேண்டும், அல்லது மேக்னட் எரிந்திருக்க வேண்டும். சரவணன் சொன்ன ஆக்சில் குழாயைப் பாருங்கள். அறுவதற்கு முன்னால் இரும்பில் தொட்டிருந்தால் அன்றைக்குப் போன ஃபியூஸுக்கும் கணக்கு சரியாகிவிடும்.

இரண்டு டிரம்மையும் கழற்றிவிடுங்கள். மேக்னட்டின் முகத்தைப் பாருங்கள், ஒரே சீராகத் தேய்ந்திருக்க வேண்டும். செம்புச் சுருள் வெளியே தெரிந்தால் அது முடிந்தது. மேக்னட் வயர் இரண்டையும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பேக்கிங் பிளேட்டுக்கும் (ஷூவைத் தாங்கும் பின்தகடு) நடுவில் ஓம் பாருங்கள், எதுவும் காட்டக் கூடாது. காட்டினால் உள்ளே கசிகிறது, மாற்றுங்கள். இடது பக்கம் அத்தனை சூடு கண்டிருக்கிறதே, கிரீஸ் உருகி சீலைத் தாண்டி ஷூவில் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கியிருந்தால் பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்து மாட்டும் வேலையெல்லாம் வேண்டாம். லைனிங் எண்ணெயைக் குடித்துவிடும், சூடு ஏறினால் திரும்பக் கக்கும். இரண்டு பக்கமும் சேர்த்துப் புது ஷூ. சீலும் புதிது. பேரிங் நன்றாக இருந்தாலும் பழைய கிரீஸைக் கழுவிவிட்டுப் புதிது வையுங்கள்.


துவாஸ் செல்வா:

ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் போட்டு முடித்தேன். வலது பக்கம் ஆக்சில் குழாய்க்குள் வயர் நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையமே இல்லை. வயர் அந்த விளிம்பில் உரசி, செம்பு தெரிந்து, ஒன்று முழுக்க அறுந்திருந்தது. சரவணன் அண்ணனுக்கு ஒரு கோப்பி கடன். புது வயரை ஆக்சிலுக்கு வெளியே, பைப் போட்டுக் கட்டிவிட்டேன். இப்போது ஓம் 1.7.

இடது ஷூவில் கிரீஸ் இறங்கியிருந்தது. இரண்டு பக்கமும் ஷூவும் சீலும் மாற்றியாயிற்று. மேக்னட் இரண்டும் நன்றாக இருக்கிறது. பேட்டரியை நேராகக் கொடுத்தால் இரண்டிலும் கிளிக் என்று ஒட்டுகிறது. ஆனால் சக்கரத்தை ஜாக்கில் தூக்கிச் சுற்றி, கரன்ட் கொடுத்தால், கையாலேயே திருப்ப முடிகிறது. இது போதுமா?


வயர்மேன் மணியம்:

போதாது. ஷூ டிரம்முக்கு வெகு தூரத்தில் இருக்கிறது. மேக்னட் இழுக்கும் அந்த நெம்புகோலுக்குக் கொஞ்ச தூரம்தான் அசைய இடம் உண்டு. அந்தத் தூரமெல்லாம் ஷூ டிரம்மை எட்டுவதிலேயே செலவாகிவிட்டால் அழுத்த எதுவும் மிஞ்சாது. கரன்ட் சரியாக வந்து, மேக்னட் ஒட்டி, அப்படியும் பிரேக் சப்பென்று இருப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கன்ட்ரோலரின் நாபைத் திருகித் திருகி இதைச் சரிக்கட்டப் பார்ப்பார்கள், நடக்காது.

பேக்கிங் பிளேட்டின் அடிப்பக்கம் ரப்பர் மூடி போட்ட நீள்சதுரத் துளை இருக்கும். அதன் வழியாக பிரேக் ஸ்பூனையோ தட்டை ஸ்குரூடிரைவரையோ விட்டு, ஷூவை டிரம்முக்குப் பக்கத்தில் கொண்டுவரும் பல்சக்கரமான ஸ்டார் வீலைத் திருப்புங்கள். சக்கரத்தை முன்னோக்கி ஓடும் திசையிலேயே சுற்றிக்கொண்டு, கையால் திருப்ப மிகவும் கஷ்டமாகும் வரை இறுக்குங்கள். அப்புறம் பல் பல்லாகத் தளர்த்துங்கள், சக்கரம் தாராளமாகச் சுற்றி லேசாக உரசும் சத்தம் மட்டும் கேட்கிற இடத்தில் நிறுத்துங்கள். ஜாக் மேல் மட்டும் நிறுத்திக்கொண்டு அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்ட் போடுங்கள். டெக்னீஷியனுக்கு இதைச் சொல்லக் கூடாதுதான், சொல்லிவிட்டேன்.

புது ஷூ உட்காரும் வரை பிடி குறைவாகத்தான் தெரியும். முதல் 300 கிலோமீட்டர் போல ஓடியதும் ஒருமுறை மறுபடி அட்ஜஸ்ட் செய்ய வேண்டும், அதன் பிறகு 5,000-க்கு ஒருமுறை. வாடகை வண்டியில் கிலோமீட்டரை யார் எழுதுகிறார்கள்? சர்வீஸ் தேதியோடு சேர்த்துவிடுங்கள்.

பவர் நாபை வைக்கும் விதம்: எப்போதும் இழுக்கும் பாரத்தோடு, காலியான நேர் ரோட்டில் 40 கிலோமீட்டர் வேகத்தில் லீவரை முழுக்கத் தள்ளுங்கள். டிரெய்லர் சக்கரம் பூட்டிக்கொள்கிறதா என்று ஒருவர் பார்க்கட்டும். பூட்டினால் நாபைக் குறையுங்கள், இல்லையென்றால் ஏற்றுங்கள். பூட்டுவதற்குச் சற்று முன்னால் இருக்கும் இடம்தான் உங்கள் இடம். பூஸ்ட்டை, அதாவது கனமான டிரெய்லருக்கு ஆரம்பத்திலேயே பிரேக்கைக் கூட்டிக் கொடுக்கும் அமைப்பை, இப்போதைக்குத் தொட வேண்டாம். 1,600 கிலோவுக்கு அது இல்லாமலே போதும்.


சரவணன் (ஜூரோங் வெஸ்ட்):

கோப்பி வேண்டாம் செல்வா, தே சி (பால் டீ) போதும். சாக்கெட்டை எப்படிச் சரி செய்தீர்கள்? நீல வயரை 5-க்கு மாற்றிவிட்டீர்களா? நான் இருந்தால் ஒரு அடாப்டர் செய்து வைத்துக்கொள்வேன், சாக்கெட்டைத் தொடவே வேண்டாம்.


துவாஸ் செல்வா:

இன்னும் தொடவில்லை. இப்போதைக்கு டிரெய்லர் யார்டை விட்டு வெளியே போகக் கூடாது என்று சேஃப்டி ஆபீசர் டேக் மாட்டிவிட்டார். 5-க்கு மாற்றினால் லைட் டவர் மாட்டும்போது என்ன ஆகும் என்பதுதான் என் சந்தேகம்.


வயர்மேன் மணியம்:

சரியான சந்தேகம். 5-க்கு மாற்றினால் லைட் டவரின் வலது டெயில் லைட் கன்ட்ரோலரின் கைக்குப் போய்விடும். இரவில் அது அணைந்தே கிடந்து, பிரேக் பிடித்தால் மட்டும் எரியும். பின்னால் வருகிறவர் இருட்டில் ஒரு பக்க லைட்டைப் பார்த்து மோட்டார் சைக்கிள் என்று நினைத்துக்கொள்வார். வலது டெயில் வயரைக் கொண்டுபோய் 7-ல் சேர்த்து முறுக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் அதையும் கேட்காதீர்கள். இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி ஃபியூஸ் இருக்கும் வண்டியில் அது இரண்டு ஃபியூஸையும் ஒன்றாக்கிவிடும்.

அடாப்டர், சரவணன், உங்கள் கையில் இருந்தால் சரி. வாடகை யார்டில் அடாப்டர் முதலில் காணாமல் போகும், அடுத்த நாளே டிரைவர் அது இல்லாமல் மாட்டிக்கொண்டு போவார். பிளக் பொருந்துகிறதே என்றுதான் மனிதர்கள் பார்ப்பார்கள்.

என் யோசனை இரண்டு சாக்கெட். இப்போது இருக்கும் உருண்டையை முழு ஐரோப்பிய முறைக்கே திருப்பிவிடுங்கள், 2-ல் இருக்கும் நீலத்தை எடுத்துவிடுங்கள். பக்கத்தில் ஆஸ்திரேலியத் தட்டை ஏழு பின் சாக்கெட் ஒன்றைப் புதிதாகப் போட்டு, நீல வயரை அதன் 5-க்குக் கொண்டுபோங்கள். டெயில் லைட்டுக்கு 7-ல் பிக்கப்பின் ஒரு பக்க டெயில் வயர் போதும், டிரெய்லரின் இரண்டு டெயிலும் அதிலேயே எரியும். 2-ல் ரிவர்ஸ் வயர். 3-க்கு எர்த் தடியாக, சேசிஸில் பெயின்ட் சுரண்டிப் போல்ட் போட்டு. டிரெய்லரில் உருண்டையை வெட்டிவிட்டு மறுபடி தட்டையை வையுங்கள். அப்போது தட்டை உருண்டையில் நுழையாது, தப்பாக மாட்ட நினைத்தாலும் முடியாது.

நீல வயரையும், கன்ட்ரோலருக்குப் போகும் கறுப்பு வயரையும் ஒருமுறை பாருங்கள். பி2-க்கு 12 கேஜ், நம் கணக்கில் 3.3 சதுர மில்லிமீட்டர், வேண்டும். கறுப்பில் பேட்டரி பக்கத்திலேயே 20 ஆம்ப் சர்க்யூட் பிரேக்கர் இருக்க வேண்டும்.


துவாஸ் செல்வா:

கறுப்பில் பிரேக்கர் இருக்கிறது, 20 ஆம்ப். நீலம்தான் பார்க்க ஸ்பீக்கர் வயர் மாதிரி இருக்கிறது. மாற்றிவிடுகிறேன். தட்டை சாக்கெட் இங்கே கடையில் கிடைக்குமா, இல்லை வரவழைக்க வேண்டுமா?


மீனா (முன்பு ஈசூன், இப்போது பெர்த்):

கிடைக்காவிட்டால் சொல்லுங்கள். அடுத்த மாதம் அம்மாவைப் பார்க்க வருகிறேன், இங்கே எந்த ஆட்டோ கடையிலும் இருக்கும், எடுத்து வருகிறேன். ஸ்பிரிங் மூடி உள்ளதாகவே வாங்குகிறேன், துவாஸ் கடல் காற்றுக்கு மூடியில்லாத சாக்கெட்டில் பின் சீக்கிரம் பச்சை பூத்துவிடும். பிளக்கும் சேர்த்து வேண்டுமா, சாக்கெட் மட்டும் போதுமா?


துவாஸ் செல்வா:

இரண்டுமே வேண்டும் அக்கா. பழைய தட்டை பிளக்கை ஒர்க்‌ஷாப்பிலேயே தூக்கிப் போட்டுவிட்டார்கள்.